பட்டியலில் இல்லாத விடை



இன்று உங்களோடு பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கணினி நிரல் எழுதக் கற்கும் எவரும் முதல் மாதத்திலோ இரண்டாம் மாதத்திலோ செய்து பார்க்கும் பயிற்சி ஒன்று உண்டு. திரையில் நான்கு வரிகள் தோன்றும். 'புதிய பெயரைச் சேர்க்க 1, பெயரைத் தேட 2, பட்டியலைக் காண 3, வெளியேற 4' என்று அவை அறிவிக்கும். எதிரே அமர்ந்திருப்பவர் ஒரு விசையை அழுத்துவார். அவர் வேண்டியதை நிரல் செய்யும். மெனு என்று வழங்கும் இதனைத் தெரிவுப்பட்டி என்று தமிழிற் சொல்லலாம். இத்துணை எளிய பயிற்சியைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். கணக்காசிரியனாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன். அவ்வெண்ணத்தால் ஒரு நல்ல மனிதரின் மனத்தைப் புண்படுத்தினேன். அக்கதையைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

வானொலியிற் கரும்பலகை இல்லை. நிரலை எழுதிக் காட்ட இயலாது. ஆகவே உணவு விடுதி ஒன்றிலிருந்து தொடங்குவோம். காலை வேளையில் உள்ளே சென்று அமர்கிறோம். பரிமாறுபவர் அருகில் வந்து, 'இட்லி, பொங்கல், பூரி, வடை' என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். நாமோ, 'அடை இருக்கிறதா?' என்று கேட்கிறோம். அவர் என்ன செய்வார்? பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்ட அதிர்ச்சியில் மயங்கி விழமாட்டார். அடைக்கும் வடைக்கும் ஓரெழுத்துத்தானே வேற்றுமை என்று வடையைக் கொண்டுவந்து வைக்கமாட்டார். வாய் திறவாமற் சிலைபோல் நிற்கவும் மாட்டார். 'அடை இல்லை ஐயா; இட்லி, பொங்கல், பூரி, வடை இருக்கின்றன' என்று மறுபடியும் சொல்லிவிட்டு, நம் விடைக்காகக் காத்திருப்பார். இதற்கென அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். நாம் எழுதும் முதல் நிரல்களோ, அவர் செய்யாத இம்மூன்றையும் செய்கின்றன. சில மயங்கி விழுகின்றன. சில வடையைக் கொண்டுவந்து வைக்கின்றன. சில பேசாமல் நிற்கின்றன.

ஏன் இவ்வாறு நேர்கிறது? நிரல் எழுதுபவன் தன் மனத்தில் நான்கு விடைகளை மட்டுமே வைத்துக்கொண்டு எழுதுகிறான். விசைப்பலகையிலோ நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் இருக்கின்றன. ஒருவர் 7 என்று தட்டலாம்; 'இரண்டு' என்று எழுத்தால் எழுதலாம்; 2 என்பதற்கு முன்னே ஓர் இடைவெளி விட்டுவிடலாம்; ஒன்றும் தட்டாமல் என்டர் விசையை மட்டும் அழுத்தலாம்; விசைப்பலகையின்மீது கைக்குழந்தை கையை வைத்துவிடலாம். இவை அனைத்தும் விடைகளே. நாம் எதிர்பாராதவை என்பதனால் அவை வாராமற் போவதில்லை.

முதலிற் பேசாமல் நிற்கும் நிரலைப் பார்ப்போம். இன்றைய பைத்தான் மொழியில், பயன்படுத்துவோர் தட்டியதை வாங்கித் தருவதற்கு இன்புட் என்னும் கட்டளை உண்டு. அது எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே தரும். 1 என்று தட்டினால், நமக்குக் கிடைப்பது ஒன்று என்னும் எண் அன்று. அந்த இலக்கத்தின் வடிவம் மட்டுமே. ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில் அவ்வடிவத்துக்குரிய எண் 49. இதனை அறியாத மாணவன், வந்த விடையை ஒன்று என்னும் எண்ணோடு ஒப்பிடுகிறான். வடிவமும் எண்ணும் ஒருநாளும் சமமாவதில்லை. ஆகவே எந்த விசையை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை.

ஆசிரியரோ நண்பரோ, 'வந்ததை முழு எண்ணாக மாற்றிக்கொள்' என்று சொல்லித் தருகிறார். மாற்றியதும் நிரல் ஓடுகிறது, மாணவன் மகிழ்கிறான். பின்னர் யாரோ ஒருவர் 'இரண்டு' என்று எழுத்தால் எழுதுகிறார், அல்லது வெறும் என்டரை அழுத்துகிறார். எண்ணாக மாற்ற இயலாத ஒன்றை மாற்ற முயன்ற நிரல், திரை நிறையப் பிழைச்செய்தியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுபோகிறது. இதுவே மயங்கி விழுதல். பிழையைப் பிடித்துக் கையாளும் வழிகள் பைத்தானில் உண்டு. அவற்றை நீங்கள் கற்கத்தான் வேண்டும். ஆயினும் என் கருத்து வேறு. தெரிவுப்பட்டியில் வரும் எண்ணை நாம் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. பேருந்தின் தட எண்ணை யாராவது இரண்டால் வகுத்துப் பார்க்கிறார்களா? அது எண் உருவில் உள்ள பெயர். பெயரைப் பெயராகவே ஒப்பிட்டால் போதும். முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளிகளை நீக்கிவிட்டு, எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுங்கள், மயக்கம் வாராது.

இங்கே இடையே ஒரு செய்தி. பைத்தான் மொழியில் ஒருவர் ௩ என்று தமிழ் இலக்கத்தைத் தட்டினாலும், முழு எண்ணாக மாற்றும் கட்டளை அதனை மூன்று என்றே அறிந்துகொள்ளும். உலக மொழிகளின் இலக்கங்களையெல்லாம் யூனிகோடு குறியீட்டு முறை வகைப்படுத்தி வைத்திருப்பதன் பயன் அது. எழுத்தாக ஒப்பிடுவோர் அந்த வசதியை இழப்பர். வேண்டுமாயின் இரு வடிவங்களையும் தாமே எழுதி வைக்கவேண்டும். நான் சொன்ன வழிக்கும் ஒரு குறை உண்டு என்பதனை மறைக்க விரும்பவில்லை.

சி மொழி பயில்வோருக்கு வரும் துன்பம் இதனினும் வேடிக்கையானது. ஸ்கேன்எஃப் என்னும் கட்டளையைக் கொண்டு ஓர் எண்ணை வாங்க எண்ணுகிறோம். எதிரே இருப்பவர் ஓர் எழுத்தைத் தட்டிவிடுகிறார். உடனே திரையில் தெரிவுப்பட்டி மீண்டும் மீண்டும் மின்னல் வேகத்தில் ஓடத் தொடங்குகிறது, நிறுத்தவே முடிவதில்லை. பேய் பிடித்ததோ என்று அஞ்சிய மாணவரை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எளியது. நியாய விலைக் கடையின் வரிசையில் முதலில் நிற்பவர் அட்டை இல்லாமல் வந்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். விற்பனையாளர், 'அட்டை எங்கே?' என்கிறார். அவர் விடை சொல்லவும் இல்லை, விலகவும் இல்லை. விற்பனையாளர் மறுபடியும், 'அட்டை எங்கே?' என்கிறார். அவரே நிற்கிறார். ஸ்கேன்எஃப் எண்ணைத் தேடி வருகிறது; வரிசையின் தலையில் ஓர் எழுத்து நிற்கிறது. எண் அன்று என்று கண்டதும், அவ்வெழுத்தை எடுக்காமலே அது திரும்பிவிடுகிறது. அடுத்த சுற்றிலும் அதே எழுத்து அங்கேயே நிற்கிறது. தட்டிய வரி முழுவதையும் முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு அதனுள் இருப்பது என்னவென்று பார்ப்பதே இதற்குத் தக்க வழி. வாயிலில் நிற்பவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து விசாரிப்பது போன்றது அது.

இனி, வடையைக் கொண்டுவந்து வைக்கும் நிரல். இதில்தான் தீங்கு மிகுதி. நாம் பேசும் மொழியில், 'விடை ஒன்றோ இரண்டோ ஆயின்' என்று சொன்னால் பொருள் விளங்கிவிடுகிறது. அதே போக்கில், 'விடை 1க்குச் சமமாயின், அல்லது 2' என்று மாணவன் நிரலில் எழுதிவிடுகிறான். இயந்திரம் அதனை இரண்டு வினாக்களாகப் பிரித்துக்கொள்கிறது. விடை 1க்குச் சமமா என்பது ஒன்று. 2 என்பது வெறுமையற்றதா என்பது மற்றொன்று. 2 எப்போதும் வெறுமையற்றதே. ஆகவே எதை அழுத்தினாலும் முதற்கதவே திறக்கிறது. மற்றொரு மாணவன் மூன்று தனித்தனி இஃப் எழுதி, மூன்றாவதன் கீழே எல்ஸ் என்று போட்டு, 'தவறான தெரிவு' என்று எழுதுகிறான். அந்த எல்ஸ் தனக்கு மேலே உள்ள மூன்றுக்கும் உரியது என்பது அவன் நினைப்பு. அது மூன்றாவதற்கு மட்டுமே உரியது. 1 என்று தட்டினால், நிரல் கேட்ட வேலையைச் செவ்வனே செய்துவிட்டு, 'தவறான தெரிவு' என்று வைதும் விடுகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் எலிஃப் என்று எழுதியிருந்தால் அவை ஒரே சங்கிலியாகப் பிணைந்திருக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிட்சி என்பவர் உருவாக்கிய சி மொழியில், தெரிவுகளைப் பிரிப்பதற்குச் சுவிட்ச் என்னும் அமைப்பு உண்டு. அதனுள் ஒவ்வொரு தெரிவுக்கும் கேஸ் என்று ஒரு தலைப்பு இருக்கும். அத்தலைப்பு, பேருந்தில் ஏறும் நிறுத்தத்தை மட்டுமே சொல்கிறது. இறங்கும் நிறுத்தத்தைச் சொல்வதில்லை. இறங்குவதற்குப் பிரேக் என்னும் தனிக் கட்டளை வேண்டும். அதனை எழுத மறந்தால், மூன்றாம் நிறுத்தத்தில் ஏறியவர் நான்காம் நிறுத்தத்தையும் கடந்து போய்க்கொண்டே இருப்பார்.

1996ஆம் ஆண்டு நான் பணிபுரிந்த பள்ளிக்கு ஒரே ஒரு கணினி வந்தது. நான் சி மொழியைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்று, மதிப்பெண் பதிவேட்டுக்கு ஒரு நிரல் எழுதினேன். சேர்க்க 1, திருத்த 2, பட்டியலைக் காண 3, வெளியேற 4. மூன்றாம் தெரிவே சுவிட்சின் இறுதியில் இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லாமையால், பிரேக் எழுதாமலே அது சரியாக ஓடியது. எங்கள் தமிழாசிரியர் என்னினும் பதினைந்து ஆண்டு மூத்தவர். கணினி என்றால் முதலில் அஞ்சியவர், என் வற்புறுத்தலால் அதனைத் தொட்டுப் பழகினார். அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது, பழைய தேர்வின் மதிப்பெண்களை ஒரே அடியாக நீக்குவதற்கு ஒரு வழி இருந்தால் நன்று என்று எனக்குத் தோன்றியது. 4 என்பதனை 'அனைத்தையும் அழி' என்று மாற்றி, வெளியேறுவதனை 5 ஆக்கினேன். புதிய பகுதியை மூன்றின் கீழே சேர்த்தேன். 4 என்று அழுத்திப் பார்த்தேன், ஒழுங்காக அழித்தது. அதனோடு மனநிறைவு கொண்டேன். மூன்றை மறுபடியும் அழுத்திப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

தமிழாசிரியர் இரண்டு மாலைப் பொழுதுகள் அமர்ந்து, மூன்று வகுப்புகளின் மதிப்பெண்களையும் ஏற்றினார். முடித்ததும் பட்டியலைப் பார்த்தார். பெயர்கள் வரிசையாக வந்தன. ஒரு மாணவனின் மதிப்பெண்ணைத் திருத்தவேண்டும் என்று 2 அழுத்தினார். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார். 'மூன்றைத்தான் அழுத்தினேன் என்று நினைவு' என்றார். நானோ ஆசிரியர் அறையில் நால்வர் நடுவே, 'பழைய வழக்கப்படி வெளியேறுவதற்கு நான்கை அழுத்தியிருப்பீர்கள் ஐயா. இயந்திரம் பொய் சொல்லாது' என்றேன். அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். 'கை தவறியிருக்கும்' என்று மெல்லச் சொன்னார். விடைத்தாள்களை மறுபடியும் எடுத்து அனைத்தையும் தாளிலே எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பின் அவர் அந்தக் கணினியின் அருகே வரவில்லை.

அடுத்த ஆண்டு நானே 3 அழுத்தினேன், பட்டியல் வந்தது, பின்னர் யாவும் மறைந்தன. நிரலை எடுத்துப் பார்த்தபோது, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருக்கவேண்டிய ஒரு சொல் அங்கே இல்லை. தமிழாசிரியர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிச் சென்று அவரைப் பார்த்தேன். பிரேக் என்பதும் சுவிட்ச் என்பதும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. 'அப்படியானால் நான் மூன்றைத்தான் அழுத்தினேனா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'ஆம்' என்றேன். தம் வீட்டினரை அழைத்து, என் எதிரிலேயே அதனை அவர்களிடம் சொன்னார். ஓராண்டாக அவர் அதனை மனத்தில் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் போன்ற கற்றுக்குட்டிக்குத்தான் இது நேரும் என்று எண்ணிவிடாதீர்கள். 1990ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி அமைப்பு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் தடுமாறியது. ஓர் இணைப்பகம் பழுதுற்று மீண்டெழுந்து, தான் மீண்டதை அண்டை இணைப்பகங்களுக்குச் செய்தியால் அறிவிக்கும். அச்செய்திகளை வாங்கிய அண்டை இணைப்பகங்கள் பழுதுற்று மீண்டன. அவை அனுப்பிய செய்திகளால் மற்றவை பழுதுற்றன. இவ்வாறு 114 இணைப்பகங்களும் விழுவதும் எழுவதுமாக இருந்தன. செய்திகளைக் கையாண்ட நிரலில், சுவிட்ச் ஒன்றினுள் பிரேக் என்னும் சொல் இடம் தவறி அமைந்திருந்ததே காரணம். எனக்கு அச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அவர்களுக்கு இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. சி மொழி பிறந்த பெல் ஆய்வுக்கூடம் அப்போது அதே நிறுவனத்தைச் சார்ந்திருந்தது என்பதனையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்வதற்காகத் தெராக்-25 என்னும் இயந்திரத்தைக் கனடா நாட்டு அரசு நிறுவனம் ஒன்று செய்தது. 1985ஆம் ஆண்டுக்கும் 1987ஆம் ஆண்டுக்கும் இடையில் அவ்வியந்திரத்தால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். 1986ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், டெக்சாசு மாநிலத்து டைலர் நகரின் மருத்துவமனையில் நடந்ததைக் கேளுங்கள். எலக்ட்ரான் கற்றைக்கு 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தையும், எக்ஸ் கதிருக்கு 'எக்ஸ்' என்னும் எழுத்தையும் தட்டவேண்டும். இயக்குநர் கை தவறி 'எக்ஸ்' என்று தட்டினார். உடனே அதனைக் கண்டு, மேலே சென்று 'ஈ' என்று திருத்தினார். திரையில் யாவும் சரியாகவே தெரிந்தன. ஆனால் உள்ளே இருந்த காந்தங்கள் அமைவதற்கு எட்டு விநாடி அளவு வேண்டும். திருத்தம் அதற்குள் முடிந்துவிட்டமையால், நிரலின் ஒரு பகுதி திருத்தத்தை அறியவில்லை. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று ஒரு செய்தி வந்தது. அதன் பொருள் என்னவென்று திரை சொல்லவில்லை. மேற்கொண்டு செல்வதற்கு 'பி' என்னும் ஒரே விசையை அழுத்தினால் போதும். இத்தகைய பொருளற்ற செய்திகளை அன்றாடம் பார்த்துப் பழகிய அவர், அவ்வாறே அழுத்தினார். உள்ளே படுத்திருந்த நோயாளி இரண்டாம் முறையும் தாக்கப்பட்டார். சில மாதங்களில் அவர் இறந்தார்.

பின்னர் அம்மருத்துவமனையின் இயற்பியல் வல்லுநரும் அவ்வியக்குநரும் சேர்ந்து, அதே திருத்தத்தை அதே விரைவிற் பலமுறை செய்து, பழுதை வேண்டியபோது வரவழைத்துக் காட்டினர். அதுவரை தம் இயந்திரம் அவ்வாறு செய்யவே இயலாது என்று சொல்லிவந்த நிறுவனம் அதன்பிறகே உண்மையை ஏற்றது. 'இயந்திரம் பொய் சொல்லாது' என்று நான் சொன்ன சொல்லை, இவ்வரலாற்றைப் படித்தபோது நினைத்து வெட்கினேன். நான்சி லெவசன், கிளார்க் டர்னர் ஆகிய இருவர் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இது விரிவாக உள்ளது. கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

அப்படியானால் நல்ல தெரிவுப்பட்டியை எவ்வாறு எழுதுவது? ஒரு மடக்கினுள் பட்டியைக் காட்டுங்கள், வரியை வாங்குங்கள், இடைவெளியை நீக்குங்கள், ஒப்பிடுங்கள். 'இவை தவிர வேறெதுவாயினும்' என்னும் கிளையை முதலில் எழுதிவிட்டு, பிறகு மற்றக் கிளைகளை எழுதும் பழக்கத்தை நான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். சி மொழியில் அதற்கு டிஃபால்ட் என்று பெயர், பைத்தானில் எல்ஸ். அக்கிளையில், 'பிழை' என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டு நிற்காதீர்கள். அவர் தட்டியதை அவருக்கே காட்டி, எவை இருக்கின்றன என்பதனையும் சொல்லுங்கள்: 'நீங்கள் 7 என்று தட்டினீர்கள், 1 முதல் 4 வரை உள்ள எண்களுள் ஒன்றைத் தட்டுங்கள்.' அழிக்கும் தெரிவைக் காணும் தெரிவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரே விசையால் அழிக்கவும் விடாதீர்கள். எத்தனை பதிவுகள் அழியப்போகின்றன என்று சொல்லி, 'அழி' என்னும் சொல்லை முழுவதும் எழுதச் செய்யுங்கள். பயன்படுத்துவோர் பழகிய எண்ணுக்குப் புதிய பொருள் கொடுக்காதீர்கள். நான் நான்குக்குக் கொடுத்தேன். ஒரு வரியைச் சேர்த்தபின், சேர்த்ததை மட்டும் சோதிக்காமல், பழைய தெரிவுகள் அனைத்தையும் மீண்டும் அழுத்திப் பாருங்கள்.

ஓய்வு பெற்றபின் மாலை வேளையில் சில பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுள் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் பாட்டியின் பால் கணக்குக்காக ஒரு நிரல் எழுதினாள். அதனைப் பாட்டியிடமே கொடுத்துச் சோதிக்கச் சொன்னேன். சோதிக்கும்போது வாய் திறக்கக்கூடாது, கையால் சுட்டிக்காட்டவும் கூடாது, பாட்டி அழுத்துவதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று நிபந்தனை விதித்தேன். மறுநாள் அவள் கொண்டுவந்த தாளில் பதினொரு விடைகள் இருந்தன. அவற்றுள் பட்டியலில் உள்ளவை நான்கே. எஞ்சியவற்றுள் ஒன்று, 'நேற்று வரவில்லை' என்பது. பால்காரர் நேற்று வரவில்லை என்பதனைப் பாட்டி அப்படியே தட்டியிருக்கிறார். அச்சிறுமி அதனைப் பிழை என்று தள்ளவில்லை. 'பால் வராத நாள் 5' என்று ஒரு புதிய தெரிவைச் சேர்த்துவிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை அனைத்தையும் என் எதிரிலே அழுத்திக் காட்டினாள்.

நீங்களும் இவ்வாரம் நீங்கள் எழுதிய நிரல் ஒன்றை வீட்டில் உள்ள ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் ஒரு தாளோடு அமர்ந்து பாருங்கள்.